சபைக் கூச்சத்தோடு பேசிப் பழகுவது எப்படி?

தம் வேலையை நன்கு அறிந்தவர்கள், மேசையருகே வந்து கேட்டால் எந்த ஐயத்துக்கும் தெளிவாகப் பதில் சொல்பவர்கள், கூட்ட அறையில் எழுந்து நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்றவுடன் தளர்ந்துபோவதைக் கொழும்பு அலுவலகங்களில் அடிக்கடி காண முடிகிறது. இவர்களில் சிலர் பாடசாலைக் காலத்தில் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களாகவும் இருப்பார்கள். கூச்சம் முற்றாக விலகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை; நீண்டகாலம் மேடை ஏறியவர்களில் பலருக்கும் முதல் நிமிடத்தில் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அந்தப் படபடப்பு இருக்கும்போதே வாய் தடையின்றி இயங்கும் அளவுக்குப் பேச்சின் தொடக்கத்தை உரக்கச் சொல்லிப் பழகிவைப்பதே நம்மால் ஆகக்கூடியது. மற்ற உத்திகள் எல்லாம் அதற்குத் துணையாக நிற்பவை என்றே நான் கருதுகிறேன்.

உடலில் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பலர் ஒன்றாக நம்மைப் பார்ப்பதை மூளை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும்போது அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பு விரைவடைகிறது. குருதி தோலிலிருந்து தசைகளுக்குத் திரும்புவதால் விரல்கள் குளிர்கின்றன. உமிழ்நீர் குறைந்து நாக்கு ஒட்டுகிறது. மூச்சு மேலோட்டமாகிக் குரல் மெலிகிறது. இவை எல்லாம் ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம். பேச்சு தொடங்கிச் சில நிமிடங்கள் கடந்ததும் பெரும்பாலோருக்கு இவை தாமாகத் தணிந்துவிடும். ஆகவே, காக்க வேண்டிய இடம் அந்தச் சில நிமிடங்களே.

இது தொடர்பாக நடந்த ஆய்வுகளில் இரண்டு மிகவும் பயனுள்ளவை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தம் பதற்றம் சபைக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைப் பேச்சாளர்கள் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். அந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தபோது அவர்களுடைய பேச்சு மேம்பட்டது. ஹார்வர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த அலிசன் வூட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று தமக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கும் இதயத்தை அடக்க முயல்வது கடினம்; அதே துடிப்பை ஆர்வம் என்று எடுத்துக்கொள்வது எளிது.

இனி ஆயத்தத்துக்கு வருவோம். நம் பாடசாலைகளில் பேச்சு என்றால் ஆசிரியர் எழுதிக்கொடுப்பதை வரிக்கு வரி மனனம் செய்து, கையசைவையும் சேர்த்துப் பழகி, ஒப்புவிப்பதாகவே பெரும்பாலும் இருந்து வந்திருக்கிறது. அதில் நல்ல பலன் உண்டு. உச்சரிப்புத் தெளிவும் குரல் வளமும் அங்கேதான் கிடைக்கின்றன. ஆனால் முழுப் பேச்சையும் மனனம் செய்தவருக்கு ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வருவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு வரியும் முந்தியதைப் பிடித்துக்கொண்டே வருகிறது. நடுவில் மேலாளர் ஒரு கேள்வி கேட்டாலோ, நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாலோ அவரால் ஈடுகொடுக்க முடியாது. அலுவலக அளிக்கைக்கும் பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கும் வேறு முறை வேண்டும்.

முதல் நான்கு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் சொல் மாறாமல் எழுதி மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட பகுதிக்கு, ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று நான்கு சொற்களில் ஒரு குறிப்பு என்ற அளவில் ஒரு சிறு அட்டையில் எழுதுங்கள். பிறகு அந்த அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, சபையில் பேசும் அதே குரலில் முழுவதையும் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வாக்கியங்கள் வேறு வேறாக வரும், வரட்டும். ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பழகியவருக்கு ஒரு விதம் மறந்தால் இன்னொன்று கைகொடுக்கும். கண்ணால் வாசித்து மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை ஒத்திகையாகக் கொள்ளவே கூடாது. மனதுக்குள் எந்த வாக்கியமும் இடறாது; மூச்சு எங்கே முட்டுகிறது, எந்தச் சொல்லில் நாக்குப் புரள்கிறது என்பதெல்லாம் வாய் திறந்தால்தான் தெரியும்.

உரக்கப் பேச இடம் எங்கே என்று கேட்பது நியாயமே. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடி வீட்டில் குரலை உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அலுவலகத்தில் எல்லோரும் போன பின் கூட்ட அறையிலேயே பேசிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனெனில் அந்த அறையே பழகிவிடும். அது இயலாதவர்கள் மாலை வேளையில் மெரைன் டிரைவ் ஓரமாக நடந்துகொண்டு பேசலாம். அலையோசையும் கரையோர ரயிலின் இரைச்சலும் இருப்பதால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஓசைக்கு மேலே தன் குரல் தனக்கே கேட்க வேண்டும் என்று பேசும்போது குரல் அடிவயிற்றிலிருந்து எழத் தொடங்குவதை நீங்களே உணர்வீர்கள். கைத்தொலைபேசியில் ஒருமுறை பதிவுசெய்து கேளுங்கள். ‘வந்து’, ‘என்ன சொன்னால்’, ‘அதாவது’ என்று எத்தனை தடவை சொல்கிறோம் என்பது அப்போது தெரியும். அவற்றை ஒழிக்கப் போராட வேண்டாம். அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு எடுக்கப் பழகினால் போதும்.

தொடக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவர் அவர்களே, அதிதிகளே என்று நீளும் விளிப்பும், ‘எனக்கு இதைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை, பிழை இருந்தால் பொறுத்தருள்க’ என்னும் அவையடக்கமும் விழா மேடைக்குரியவை. அலுவலக அளிக்கையில் அவை முதல் நிமிடத்தை விழுங்கிவிடுகின்றன. மன்னிப்போடு தொடங்கும் பேச்சைச் சபையும் பிழை தேடிக்கொண்டே கேட்கிறது. தேயிலை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் களஞ்சியப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இன்று நான் களஞ்சிய முகாமைத்துவத்தின் முக்கியத்துவம் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்’ என்று அவர் தொடங்கினால் கேட்பவருக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ‘சென்ற மாதம் கப்பலேற வேண்டிய பெட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு நம் களஞ்சியத்தில் ஒரு வாரம் தங்கியது, அதை மூன்று நாளாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது’ என்று தொடங்கினால், நிதிப்பிரிவு அலுவலரும் நிமிர்ந்து உட்காருவார். அதைவிடவும் முக்கியமாக, சொல்ல வேண்டியது முதல் வாக்கியத்திலேயே வெளிவந்துவிட்டதால் பேசுபவரின் நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கொழும்பில் பேசுபவருக்கு மொழி ஒரு தனிச் சுமை. ஸ்லைட் ஆங்கிலத்தில் இருக்கும், கேள்வி சிங்களத்தில் வரும், சிந்தனை தமிழில் ஓடும். எந்த மொழியில் பேசப்போகிறீர்களோ அந்த மொழியிலேயே முதல் குறிப்பிலிருந்து ஆயத்தம் செய்யுங்கள். தமிழில் எழுதிப் பிறகு மொழிபெயர்த்தால் வாக்கியங்கள் நீண்டு சிக்கிக்கொள்ளும். இரண்டாம் மொழியில் நாம் அதிகம் தடுமாறுவது எண்களில்தான், ஏனெனில் கணக்கை எப்போதும் தாய்மொழியிலேயே போடுகிறோம். பத்து இலட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் நின்றுகொண்டு பேசும்போது அது உடனே நாவில் வராது. உங்கள் அளிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அந்த மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சிங்களத்தில் வந்த கேள்வி புரிந்து, பதில் மட்டும் ஆங்கிலத்திலோ தமிழிலோ தெளிவாக வருமானால், அந்த மொழியில் பதிலளிக்க அனுமதி கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

ஸ்லைட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றில் ஒரு கருத்து. பின்வரிசைக்குத் தெரியும் எழுத்து. திரையைப் பார்த்து வாசிக்காமை. தமிழில் ஸ்லைட் செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது பிடிஎப் பிரதி ஒன்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பேசும் நாளில் காலி வீதி நெரிசலை நம்பாமல் அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். ஒலிவாங்கியில் இரண்டு வாக்கியம் பேசிப் பாருங்கள். முன்வரிசையில் அமரும் ஓரிருவரோடு சாதாரணமாகக் கதையுங்கள், பிறகு அவர்களுக்குச் சொல்வதுபோலவே பேச்சைத் தொடங்கலாம். இதயத்துடிப்பைக் கூட்டும் என்பதால் கோப்பியைத் தவிர்த்து, குளிரற்ற தண்ணீரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முறை வருவதற்கு முன், நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது. தாள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், தடித்த அட்டை காட்டாது. இரு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றி, ஒருவர் முகம் பார்த்து ஒரு கருத்தை முடித்த பின்னரே அடுத்தவர் பக்கம் திரும்புங்கள்.

நடுவில் எல்லாம் மறந்துபோனால் பேச்சை நிறுத்தி, தண்ணீரை ஒரு மிடறு அருந்தி, கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குள் அடுத்தது வந்துவிடும். வராவிட்டால் அட்டையைப் பாருங்கள். சபை அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேள்வி நேரத்தில், கேட்டதை ஒருமுறை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலளித்தால், பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் சிந்திக்க நேரம் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது பதில் தருவீர்கள் என்ற நாளையும் சொல்லுங்கள்.

நண்பர் தந்தார் என்று புரொப்ரனலோல் போன்ற மாத்திரைகளை விழுங்குவது ஆபத்தானது. அது நடுக்கத்தைக் குறைப்பது உண்மையே. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். பேச வேண்டுமே என்ற அச்சத்தால் பதவி உயர்வையோ படிப்பையோ கைவிடும் அளவுக்கு ஒருவர் போயிருந்தால், மருத்துவரையோ உளவளத் துணையாளரையோ நாடுவதே சரியான வழி. அதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது.

பழகுவதற்குக் கொழும்பில் இடங்கள் இருக்கின்றன. 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் கழகங்கள் பல இங்கே இயங்குகின்றன. ஐந்து முதல் ஏழு நிமிட உரை, முன்னறிவிப்பின்றித் தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடப் பேச்சு, ஒவ்வொன்றுக்கும் உடனடி மதிப்பீடு என்று அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழில் பேசிப் பழக விரும்புபவர்கள், 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் நடக்கும் நூல் வெளியீடுகளுக்கும் உரைகளுக்கும் சென்று, முதலில் சபையிலிருந்து ஒரு கேள்வி கேட்பதோடு தொடங்கலாம். அடுத்து, ஊர்ச் சங்கக் கூட்டத்திலோ பழைய மாணவர் ஒன்றுகூடலிலோ எவரும் விரும்பி ஏற்காத நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நிமிடம், நட்பான முகங்கள், பிழைத்தாலும் இழப்பில்லை. பின்னர் வரவேற்புரை, அதன்பின் ஒரு நூலைப் பற்றிய கருத்துரை என்று படிப்படியாக ஏறலாம். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசையில் நம்பகமான ஒருவரை அமரச் செய்து, ‘எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த இடத்தில் குரல் கேட்கவில்லை, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்ற இரண்டை மட்டும் கேட்டு, அன்றிரவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.