குப்பனூர் வழி இல்லாத தீவு: கொள்ளைநோய்த் தொடருக்குத் திரைக்கதை அமைக்கும் முறை

தொலைதூரத் தீவுகளில் கொள்ளைநோய் பரவும் கதையைத் தொடராக எழுத முற்படுவோர், நாயகனுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்பே நோய்க்கு நாள் குறித்துவிட வேண்டும். இத்தகைய கதையை நடத்திச் செல்வது நாட்கணக்குதான். அது பிசகினால் எவ்வளவு உருக்கமான காட்சியும் நிற்காது.

மணல்வாரி அம்மையை எடுத்துக்கொள்வோம். தொற்றிய சுமார் பத்தாம் நாளில் காய்ச்சல் தொடங்கும். பதினான்காம் நாளையொட்டித் தடிப்பு தெரியும். தடிப்புக்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே நோயாளி பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். ஆகவே படகிலிருந்து திடமாக இறங்குபவர், ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டுப் படுக்கலாம். அதன்பின் பத்து நாட்களுக்கு ஊரில் ஒன்றுமே நடக்காது. அந்த அமைதிக்கு ஒரு முழுப் பகுதியைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

1846இல் வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளில் இந்த அம்மை பரவியபோது, ஏறக்குறைய 7,800 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் படுத்தனர். டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் பானம், ஊர் ஊராகச் சென்று தேதிகளைக் கேட்டுக் குறித்துத்தான் அந்தப் பதின்மூன்று, பதினான்கு நாள் இடைவெளியைக் கண்டறிந்தார். 1781இல் அம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களை நோய் மறுபடி தொடவில்லை என்பதையும் அவர் பதிவு செய்தார். எனவே இளையவர்கள் எல்லோரும் படுத்துவிட, தண்ணீர் சுமப்பவர்களும் கஞ்சி காய்ச்சுபவர்களும் எழுபது வயதுக்காரர்களாக இருக்கட்டும். உங்கள் தொடரின் மையப் பாத்திரம் அவர்களுக்குள்தான் இருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது தனிமை. அதைக் கற்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து யேற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கனமழையில் மண் சரிந்து அந்தச் சாலை அடைபட்ட நாட்களைப் பற்றிச் சேர்வராயன் மலைக்கிராமம் ஒன்றின் மளிகைக்கடைக்காரரிடம் நான் கேட்டேன். அவர் பேசாமல் கடன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். மற்ற நாட்களில் கிலோ என்றிருந்த வரிசை, அந்த நாட்களில் ஆழாக்கு, அரை ஆழாக்கு என்று இறங்கியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் வீட்டுத் தலைக்கணக்கு பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பத்துப் பக்க வசனம் சொல்ல வேண்டியதை அந்த ஒரு பக்கம் சொன்னது. உங்கள் தீவுக்கும் அப்படி ஒரு நோட்டை முதலில் எழுதுங்கள்: எத்தனை வீடு, எத்தனை மூட்டை, எத்தனை நாள்.

ஆனால் யேற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக இன்னொரு சாலை உண்டு. உங்கள் தீவுக்கு அப்படி எதுவும் இருக்கக் கூடாது. வானொலி, உதவிப் படகு, எரிபொருள் ஆகியவை எப்படி இல்லாமற்போயின என்பதை முதல் பகுதியிலேயே காட்டிவிடுங்கள். பாதியில் பழுதாக்கினால் பார்ப்பவர் நம்பமாட்டார். அம்மை கண்ட வீட்டு வாசலில் நாம் வேப்பிலை செருகுவதைப்போல, அந்த மக்களுக்கும் உரிய ஓர் அடையாளத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மோதலுக்கு வில்லன் தேவையில்லை, படகுத்துறை போதும். 1918 நவம்பர் 7 அன்று தலூன் என்னும் கப்பல் பசிபிக் தீவான மேற்குச் சமோவாவில் தடையின்றி ஆட்களை இறக்கியது; அதில் வந்த இன்புளுயன்சாவால் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தனர். அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவிலோ ஆளுநர் ஜான் பாயர் துறையை அடைத்தார். அங்கே அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. கரையில் நிற்பவருடைய சொந்த மகளே படகில் இருந்தால் என்ன செய்வார் என்று எழுதுங்கள்.

முடிவுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவைப் பாருங்கள். 1727இல் பறவை பிடிப்பதற்காக மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் ஒரு பாறைத்தீவில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களை அழைத்துவர வேண்டிய நாளுக்குள் பெரியம்மை ஊரை அழித்துவிட்டதால் படகு வலிக்க ஆளில்லை. பறவைகளையும் முட்டைகளையும் மீனையும் தின்று சுமார் ஒன்பது மாதம் அந்தப் பதினொரு பேரும் உயிரோடிருந்தனர். கடைசியில் ஒரு படகு நெருங்குகிறது; துடுப்பு வலிப்பவர் யாரும் தம் ஊர்க்காரர் இல்லை என்பதைச் சிறுவன் ஒருவன் முதலில் காண்கிறான். அவன் கேட்கும் கேள்வியோடு அந்தப் பகுதியை நிறுத்துங்கள். பதிலை அடுத்த பகுதிக்கு வையுங்கள்.