அக்கா மகனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: பழைய பாகங்களைப் பார்த்து வாங்கும் விதம்

அக்கா மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டான். புதிதாக வாங்கிக் கொடுக்கும் நிலையில் அக்கா இல்லை. "மாமா, பழசா இருந்தாலும் பரவாயில்லை, கேம் ஓடினா போதும்" என்றான். நான்கைந்து பேருக்கு இப்படிப் பழைய பாகங்களைச் சேர்த்துக் கொடுத்த அனுபவம் இருந்ததால் ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் தேடி ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து மாட்டி முடித்தோம். அதில் செய்ததையும், அதற்கு முன்பு நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

பாகம் தேடும் முன்பு, என்னென்ன கேம் ஆடப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவன் எழுதிக் கொடுத்தது மூன்று பெயர்கள்: வாலரண்ட், ஜிடிஏ 5, மைன்கிராஃப்ட். மூன்றுமே பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்கும் கேம்கள் இல்லை. ஆனால் வாலரண்ட் என்ற ஒரே பெயர் பாதி முடிவுகளை எடுத்துவிட்டது. விண்டோஸ் 11-இல் அது ஓட டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கம்ப்யூட்டரைத் தொடங்க விடும் வசதி) இரண்டும் இயங்க வேண்டும். லினக்ஸில் அது ஓடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, ஏறத்தாழ அங்கிருந்துதான் தொடக்கம். ஆக, அதற்கும் பழைய ப்ராசஸர்களை அன்றே ஒதுக்கிவிட்டேன்.

உங்கள் பட்டியலில் அந்த மாதிரி கேம் இல்லையென்றால் இன்னும் மலிவான வழி இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் டவர் கம்ப்யூட்டர்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 போன்றவற்றில் இன்டெல் 4-ஆம் தலைமுறை ப்ராசஸர் இருக்கும். 3-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள் என்று முன்பு சொல்வேன்; இப்போது 4-க்குக் கீழே வேண்டாம் என்கிறேன். ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு 4-ஆம் தலைமுறையில்தான் வந்தது, அது இல்லாமல் திறக்காத புது கேம்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஐ5-ஐவிட ஐ7-4770 கிடைத்தால் எடுங்கள். நான்கு கோர் இருந்தாலும் ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசைகளை (திரெட்) ஓட்டும் என்பதால் கேம் நடுவில் திக்கித் திக்கி நிற்பது நன்றாகக் குறையும்.

அந்த டவர்களில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒல்லியான மாடலில் குட்டையான கார்டு மட்டும்தான் நுழையும். பெரிய டவராகப் பார்த்து வாங்குங்கள். அடுத்து, அதன் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஆப்டிப்ளெக்ஸ் 9020 மதர்போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட் கிடையாது, 8 பின்தான். சாதாரண எஸ்எம்பிஎஸ் போட அடாப்டர் வேண்டும். அதைத் தவிர்க்க நினைத்தால் தனி பவர் வயர் கேட்காத கார்டு போட வேண்டும். போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் அந்த அளவுக்குள் அடங்குபவை. 1650-இல் சில மாடல்கள் 6 பின் வயர் கேட்கும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400-உம் வயர் கேட்காததுதான், ஆனால் அது போர்டோடு நான்கு லேனில் (தரவு போய்வரும் பாதையில்) மட்டும் பேசும் கார்டு. கார்டு சொருகும் ஸ்லாட் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஆக இருக்கும் போர்டில் வேகம் குறையும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நான் போனது ஏஎம்டியின் ஏஎம்4 வழி. 2017-இல் முதல் தலைமுறை ரைசனோடு பரவலான, ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் அது. அதே சாக்கெட்டில் 5000 வரிசை வரை உட்காரும். இன்று ரைசன் 5 3600 போட்டால், இரண்டு வருடம் கழித்து பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு 5600-ஐயோ 5800எக்ஸ்3டி-யையோ அதே போர்டில் மாட்டலாம். இந்த வசதிக்காகவே நான் ஏஎம்4-ஐ விட மாட்டேன்.

போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் ஒரே ஆளிடம், ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி, மாட்டிய பிறகு திரை வரவில்லை என்றால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும். நான் வாங்கியது 3600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. இந்த ப்ராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் பார்க்கப் போகும்போது சின்னதாக ஒரு கார்டைக் கையோடு எடுத்துப் போனேன். பயாஸில் இரண்டு ரேமும் தெரிகிறதா, எல்லா யுஎஸ்பி போர்ட்டும் வேலை செய்கிறதா, போர்டில் கெப்பாசிட்டர் எதுவும் உப்பியிருக்கிறதா என்று பார்த்தேன்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில்தான் பின்கள் இருக்கும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். பத்து நிமிடம் ஓட விட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி தளர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். விற்பவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். பின்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று டார்ச் அடித்து நான்கு பக்கமும் பாருங்கள்.

இப்போது கிராபிக்ஸ் கார்டு. பணத்தில் பெரிய பங்கு இதற்குப் போகட்டும், பொறுமையில் அதைவிடப் பெரிய பங்கு போகட்டும். என் பட்டியலில் ஜிடிஎக்ஸ் 1060, ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் மூன்றும் இருந்தன. என்விடியா தன் 900, 10 வரிசைகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்தியது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அதனால் 1060-ஐ அடித்துவிட்டேன். 1660 சூப்பர்தான் என் முதல் ஆசை, கையில் இருந்ததற்குள் அடங்கவில்லை. 8 ஜிபி ஆர்எக்ஸ் 580-இல் வந்து நின்றேன். அதற்கும் டிரைவர் முன்பு போல அடிக்கடி வருவதில்லை என்பது தெரிந்துதான் வாங்கினேன். ரே டிரேசிங் (ஒளி விழுவதை நிஜம் போலக் கணக்கிடும் முறை) கட்டாயம் கேட்கும் புது கேம்கள் இந்தக் கார்டில் ஓடாது. அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கார்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு 1050 டிஐ என்று ஒன்றை வாங்கி ஏமாந்தேன். உள்ளே இருந்தது பழைய 550 டிஐ, கார்டுக்குள் இருக்கும் அதன் சொந்த பயாஸை மாற்றி எழுதி விற்றிருந்தார்கள். பின்புறம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. 10 வரிசை சிப்புகள் அனலாக் சிக்னலே தருவதில்லை, அந்த போர்ட்டைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இப்போது ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். போலிக் கார்டு என்றால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே காட்டும். ஆர்எக்ஸ் 580-க்கு ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் பேர்தான் 580, சரக்கு 570.

அடுத்து மைனிங், அதாவது கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கக் கார்டை இரவு பகலாக ஓட்டுவது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே தொடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். தேய்வது பெரும்பாலும் ஃபேனும் தெர்மல் பேடும் (சிப்புகளின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தை), இரண்டையும் மாற்றலாம். நான் பயப்படுவது மாற்றப்பட்ட பயாஸுக்கு. 580-இல் மைனிங்குக்காக பயாஸை மாற்றியிருந்தால் விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுக்கலாம், செக்யூர் பூட் போட்டால் திரையே வராமலும் போகலாம். வாலரண்ட் ஆட வாங்கும் கார்டில் இது பெரிய இடி. ஜிபியு-இசட்டில் யுஇஎஃப்ஐ (செக்யூர் பூட்டுக்குத் தேவையான புது வகைத் தொடக்க முறை) என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். பல 580 கார்டுகளின் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், இரண்டு பயாஸுக்கு நடுவே மாற்றுவதற்கு. எனக்குக் கிடைத்த கார்டில் ஒரு பக்கம் மாற்றப்பட்டிருந்தது, மறுபக்கம் கம்பெனி பயாஸ் அப்படியே இருந்தது. தள்ளிவிட்டதும் சரியானது.

வாங்கும் முன் அரை மணி நேரம் யூனிஜின் ஹெவன் என்ற கார்டு சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். திரையில் புள்ளி, கோடு, முக்கோணம் எதுவும் தெறிக்கக்கூடாது. கூடவே பாகங்களின் நிலையைக் காட்டும் எச்டபிள்யு-இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வையுங்கள். இந்த 580 ரகக் கார்டுகளில் மெமரி பிழைகளின் எண்ணிக்கையை அது காட்டும். அந்த எண் பூஜ்யத்திலிருந்து ஏறினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டிக்காட்ட மறுப்பவரிடம் நான் வாங்குவதே இல்லை.

எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பழைய எஸ்எம்பிஎஸ் போகும்போது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். 580-க்கு ஏறத்தாழ 185 வாட் என்பதால் தரமான 550 வாட் போதும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த வயரை மட்டும் போடுங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா வயர் (ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தருவது) கச்சிதமாக நுழைகிறதே என்று மாட்டி, நண்பரின் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை ஒரே நொடியில் எரித்துவிட்டேன். ஒன்றில் அவர் மகளின் குழந்தைப் பருவப் படங்கள் இருந்தன. வயரின் எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது, அந்த நாள் வரை எனக்கு அது தெரியாது.

எஸ்எஸ்டி பழையதாக இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஆரோக்கிய சதவீதமும் ஓடிய மணி நேரமும் பாருங்கள். கேபினெட் எதுவானாலும் சரி, முன்பக்கம் காற்று உள்ளே போக வழி இருந்தால் போதும்.

மாட்டும் வேலையைக் கேபினெட்டுக்கு வெளியே தொடங்குங்கள். போர்டை ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ரேம், கார்டு மட்டும் போட்டுத் திரை வருகிறதா பார்த்துவிட்டு உள்ளே ஏற்றினால் பாதி தலைவலி போய்விடும். பேஸ்ட் பட்டாணி அளவு. ரேம் இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 ரேம் 2133-இல் தூங்கிக்கொண்டிருக்கும், ரைசனில் அந்த வித்தியாசம் கேமில் தெரியும். டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் அப்போதே போட்டுவிட்டேன். மானிட்டர் வயரைக் கார்டில் சொருகுங்கள், போர்டில் அல்ல.

அன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓட விட்டுத் தூங்கினோம். காலையில் பிழை எதுவும் இல்லை. பிறகு கேம் ஓட்டியபோது கார்டு மட்டும் 82 டிகிரி தொட்டது. பிரித்து, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாகப் போட்டேன். தெர்மல் பேடை மாற்றுபவர்கள் பழைய பேடின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். கொஞ்சம் தடித்தாலும் சிப்பின் மேல் ஹீட்சிங்க் உட்காராது. அப்புறம் ஏஎம்டி மென்பொருளில் வோல்டேஜை 1150-லிருந்து 1080 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினேன். இப்போது 71 டிகிரி, ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது. ஒவ்வொரு கார்டும் ஒரு மாதிரி, பத்துப் பத்தாக இறக்கிச் சோதித்துப் பாருங்கள்.

ஐந்து மாதமாக ஓடுகிறது. மாதம் ஒருமுறை அவனே பக்கப் பலகையைக் கழற்றித் தூசி ஊதுகிறான். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காற்று வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.