சர்வீஸ்களுக்கு நடுவே எக்ஸ்எம்எல்: முதலில் மெசேஜ், அப்புறம்தான் கோட்

நாலு சர்வீஸ், நாலு டீம், ஒன்று ஜாவா, இன்னொன்று பைத்தான். நடுவில் போய்வரும் மெசேஜ் மட்டும் எக்ஸ்எம்எல் என்ற, தகவலைக் குறிச்சொற்களுக்குள் வைத்து எழுதும் வடிவத்தில்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்துப் பழைய சிஸ்டத்துக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இந்த நிலைமையில் மாட்டியவர்களுக்குத்தான் இது. "இந்தக் காலத்தில் போய் எக்ஸ்எம்எல்லா" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 1998 பிப்ரவரியில் வந்த சமாச்சாரம்தான், ஆனால் வங்கிகளுக்கு இடையே ஓடும் ஐஎஸ்ஓ 20022 மெசேஜ்கள் இன்றைக்கும் அதில்தான் போகின்றன.

முதல் வேலை, கோடில் கிளாஸை எழுதிவிட்டு அதிலிருந்து எக்ஸ்எம்எல்லை உருவாக்காதீர்கள். எல்லாரும் செய்வது அதுதான், கிளாஸின் மேல் நாலு அனோட்டேஷன் (லைப்ரரிக்கான குறிப்பு) போட்டால் லைப்ரரி கக்கிவிடுகிறது, சுகமாக இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் நீங்கள் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் உங்கள் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், அடுத்த டீமின் சர்வீஸ் மட்டும் நடுராத்திரியில் விழும். அதனால் மாதிரி மெசேஜ் இரண்டு மூன்றைக் கையால் எழுதி, அதை வாங்கப்போகிறவர்களிடம் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு ஸ்கீமா (மெசேஜில் என்னென்ன, எந்த வடிவில் வரவேண்டும் என்ற விதிகள்) எழுதுங்கள். கோட் அதற்கப்புறம்.

மெசேஜை இரண்டாகப் பிரியுங்கள். மேலே ஹெட்டர்: மெசேஜ் ஐடி, உருவான நேரம், வெர்ஷன், எந்தக் கோரிக்கையைச் சேர்ந்தது என்று சொல்லும் ஐடி. கீழே உள்ளடக்கம். மெசேஜ் ஐடி ஏன் கட்டாயம் என்றால், மெசேஜை வாங்கி வைத்து எதிர்ப்பக்கம் சேர்க்கும் கியூக்களில் பெரும்பாலானவை "குறைந்தது ஒரு தடவை சேர்ப்பேன்" என்று மட்டும்தான் வாக்குக் கொடுக்கும். அதே மெசேஜ் இரண்டாம் தடவை வந்தால் வாங்குகிறவர் ஐடியைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். இதில் ஒரு கூத்து உண்டு. அனுப்புகிறவர் ஒவ்வொரு ரீட்ரைக்கும் புது ஐடி உருவாக்கிக்கொண்டிருப்பார், பிறகு "டூப்ளிகேட் செக் வேலை செய்யவில்லை" என்று டிக்கெட் வரும்.

ஒரு தகவல் எலிமென்ட்டா (தனிக் குறிச்சொல்) ஆட்ரிபியூட்டா (குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதும் பண்பு) என்ற சண்டைக்குள் போக விருப்பமில்லை. ஐடி, வெர்ஷன், நாணயக் குறியீடு மாதிரி சின்ன விஷயங்கள் ஆட்ரிபியூட், மற்றதெல்லாம் எலிமென்ட். ஆட்ரிபியூட்டுக்குள் பின்னால் வேறு எலிமென்ட் எதையும் நுழைக்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

டைப் விஷயத்தில் கறாராக இருங்கள். பணத்துக்கு டெசிமல், பின்னங்களைத் தோராயமாக வைக்கும் டபுள் கூடவே கூடாது. தேதிக்கு டைம்ஸோன் கட்டாயம். ஸ்கீமாவின் டேட்டைம் டைப்பில் டைம்ஸோன் விருப்பம்தான், இல்லாவிட்டாலும் வேலிடேட் ஆகிவிடும், அதாவது ஸ்கீமா சோதனையில் தேறிவிடும். இது தெரியாமல் நான் ஒருமுறை இரவு வேலைகள் எல்லாம் சில மணி நேரம் தள்ளி ஓடுவதை இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தேன், இரண்டு சர்வர்களும் தங்கள் தங்கள் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டிருந்தன. 2012இல் வந்த ஸ்கீமா 1.1இல் டைம்ஸோன் கட்டாயமான தனி டைப் இருக்கிறது. உங்கள் டூல் 1.0 மட்டும்தான் பேசும் என்றால் டைம்ஸோன் இல்லாததை மறுக்கும் பேட்டர்ன் போட்டு அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எலிமென்ட் இல்லவே இல்லை, காலியாக இருக்கிறது, நில் (nil, மதிப்பு இல்லை) என்று குறிக்கப்பட்டிருக்கிறது, இந்த மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். அப்டேட் மெசேஜில் "இல்லை என்றால் தொடாதே, நில் என்றால் அழித்துவிடு" என்று எழுதி வைக்காவிட்டால், ஒருநாள் யாரோ ஒருவரின் போன் நம்பர் காணாமல் போகும்.

சரி, வெர்ஷனுக்கு வருவோம், உண்மையான தலைவலி இங்கேதான். சின்ன மாற்றத்துக்கெல்லாம் நேம்ஸ்பேஸை (எலிமென்ட் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்) மாற்றினால் பழைய ரிசீவருக்கு மொத்த மெசேஜும் அந்நியமாகிவிடும். மெசேஜுக்குள் எலிமென்ட்டைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத் எதிலும் பொருந்தாது, எரர்கூட வராது, வெறும் காலி விடைதான் வரும். ஆகவே பழையவர்களை நிஜமாகவே உடைக்கும் மாற்றத்துக்கு மட்டும் புது நேம்ஸ்பேஸ். விருப்ப எலிமென்ட் ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஹெட்டரில் வெர்ஷன் எண்ணை ஏற்றினால் போதும் என்று தோன்றும், ஆனால் பழைய ஸ்கீமாவை வைத்து முழு மெசேஜையும் வேலிடேட் செய்கிற ரிசீவர் அதையும் திருப்பி அனுப்பிவிடுவார். என் வழி இது: அனுப்புகிறவர் வெளியே விடும் முன் முழுசாக வேலிடேட் செய்யட்டும், வாங்குகிறவர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, அதை மட்டும் சோதிக்கட்டும், தெரியாத எலிமென்ட்டைக் கண்டுகொள்ளாமல் விடட்டும். முழு வேலிடேஷன் இல்லாமல் முடியாது என்றால், முதல் நாளே ஸ்கீமாவின் கடைசியில் வேறு நேம்ஸ்பேஸிலிருந்து வரும் எதற்கும் இடம் விட்டு வையுங்கள். இனூமரேஷனில் (அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியல்) புது மதிப்பு ஒன்றைச் சேர்ப்பதும் உடைக்கும் மாற்றம்தான், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்களை முதலில் அப்டேட் செய்துவிட்டு, அப்புறம் அனுப்புகிறவரைத் தொடுங்கள்.

பாதுகாப்பு: எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சரில் டிடிடியை (ஃபைலின் தலையில் டாக்டைப் என்று வரும் அறிவிப்பு, என்டிட்டி என்ற சுருக்கப்பெயர்களை அதில்தான் வரையறுப்பார்கள்) அடைத்துவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக என்டிட்டிகளை அடுக்கிய, ஒரு கேபிகூட வராத ஃபைல், விரியும்போது கிட்டத்தட்ட 3 ஜிபி மெமரியைத் தின்றுவிடும். வெளி என்டிட்டி வழியாக உங்கள் சர்வரின் ஃபைலையே படித்து வெளியே எடுப்பவர்களும் உண்டு. பைத்தானில் டிஃப்யூஸ்ட்எக்ஸ்எம்எல் என்ற லைப்ரரி இருக்கிறது. ஜாவாவில் டாக்டைப்பையே மறுக்கும் ஃபீச்சரை ஆன் செய்யவேண்டும்.

ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்காதீர்கள், பெயரில் ஒரு ஆம்பர்சாண்ட் (&) வந்தால் போச்சு. பெரிய மெசேஜ் என்றால் முழுசையும் மெமரியில் ஏற்றும் டாம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஸ்ட்ரீம் செய்யும் பார்சரை எடுங்கள். படம், பிடிஎஃப் போன்றவற்றை பேஸ்64 ஆக (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) உள்ளே திணித்தால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். தனியாகச் சேமித்து முகவரியையும், ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம்மையும் மட்டும் அனுப்புங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆட்ரிபியூட்டுகளின் வரிசை மாறினாலும் எக்ஸ்எம்எல்லுக்கு அது ஒன்றுதான், ஆனால் பைட்டுகள் வேறு, அவற்றிலிருந்து கணக்கிட்டுக் கையெழுத்துக்கு எடுக்கும் ஹாஷும் வேறு. கேனானிக்கல் வடிவத்துக்கு (வரிசை முதலியவற்றை ஒரே மாதிரி ஆக்கிய நிலையான வடிவம்) மாற்றிவிட்டுத்தான் ஹாஷ் எடுக்கவேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு வெர்ஷனின் மாதிரி மெசேஜ்களையும் ரெப்போவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொரு பில்டிலும் எல்லாவற்றையும் ரிசீவரிடம் ஓட்டிப் பாருங்கள். பழைய மாதிரியை எப்போது நீக்கலாம் என்றால், கியூவிலும் ஆர்க்கைவிலும் அந்த வெர்ஷன் மெசேஜ் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு.