ஊர் வீட்டு பைக்கும் இழுக்கும் செல்ஃபும்

வெளிநாட்டிலிருந்து வந்து திருச்சியில் விமானம் இறங்கி, கார் பிடித்து, காரைக்குடிப் பக்கம் ஊர் வந்து சேரும்போது மதியம் ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டதும் கை தேடுவது பைக் சாவியைத்தான். கொட்டகையில் தூசி போர்த்தி நிற்கிறது, அப்பச்சி ஓட்டிய வண்டி. போன வருஷம் நாம் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் 'கிர்... கிர்...' என்று நாலு தடவை இழுத்துவிட்டு அடங்கிவிடும்.

அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். உசுப்பி உசுப்பிப் பார்ப்பதில்தான் பாதிக் கெடுதல். மெதுவாகச் சுற்றும் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும். அத்தனையும் சூடாக மாறி வயரையும், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையும் தின்னும். ஒரு தடவைக்கு ஐந்து வினாடி, அப்புறம் அரை நிமிஷம் ஓய்வு. அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். 'டிக்' என்று மட்டும் வந்தால் ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, அதற்கு மேல் கரண்ட் போதவில்லை அல்லது போய்ச் சேரவில்லை. மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், மோட்டார் சுற்றை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச்தான் கோளாறு. வண்டியை நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள். இங்கே நான் சொல்வது இழுத்து இழுத்துச் சுற்றும் செல்ஃபைப் பற்றி மட்டும்.

கிக்கர் இருந்தால் உதைத்துப் பாருங்கள். கால் சாதாரணமாக இறங்கி, ரெண்டு மூன்று உதையில் வண்டி பிடித்துக்கொண்டால் இன்ஜின்மேல் பழி இல்லை. உதையே கல்லாக இருந்தால் செல்ஃபைத் திட்டிப் பயனில்லை, ஆயில் பிசினாகியிருக்கலாம். இன்ஜின் வேலை அது.

அப்புறம் பேட்டரி. பெட்டியில் ஒரு சின்ன மல்டிமீட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், அல்லது காரைக்குடியில் எலக்ட்ரிகல் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.4 என்றால் சுமார். 12-ஐத் தொட்டால் காலி என்றே வையுங்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லி, அந்த நேரம் மீட்டரைப் பாருங்கள். 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியில் சத்து இல்லை. நிற்கும்போது 12.6, அமுக்கினால் 8 என்று காட்டும் பேட்டரிதான் பலரை ஏமாற்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பேட்டரி ஆராய்ச்சிக்கே பேர் போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பது நம் காரைக்குடியில்தான். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அதே ஊரில் நம் வீட்டுப் பேட்டரி மட்டும் வருஷா வருஷம் சாகிறது. காரணம் எளிது. லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

மூடி திறக்கிற பேட்டரி என்றால் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது. கடையில் சார்ஜுக்குக் கொடுத்தால் 'ஸ்லோ சார்ஜ், ராத்திரி முழுக்க' என்று சொல்லிவிடுங்கள். 9 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரிக்கு ஒரு ஆம்பியருக்குள் போதும். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டு, பேட்டரியைத் திருப்பி வாங்கிவந்துவிடலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்கிறதா? நான் பணத்தை விட்டது இங்கேதான். ஒரு பட்டறையில் பார்த்த உடனே "மோட்டார் போச்சுண்ணே" என்றார்கள். புது மோட்டார் போட்டோம். வீட்டு வாசல் வரைக்கும் சரி, மறுநாள் காலையில் பழைய 'கிர்... கிர்...'. அப்புறம் பெரியவர் ஒருவர், ஆட்டோ எலக்ட்ரீஷியன், சீட்டைக் கழற்றி மைனஸ் வயரை விரலால் பிடித்துக்கொண்டே என்னை செல்ஃப் அமுக்கச் சொன்னார். "தம்பி, தொட்டுப் பாருங்க." டெர்மினல் கொதித்தது. கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, வயர் இழைகளில் பாதி பொடியாகக் கொட்டியது. இன்ஜினில் எர்த் (அந்த மைனஸ் வயரின் மறுமுனை) கடிக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் (வயர் முனை வளையம்) அடித்து, மேலே வாசலின் ஜெல்லி தடவினார். செல்ஃப் ஒரே சுற்றில் எடுத்தது. நானும் ஒரு சுற்று சுற்றி நின்றேன், புது மோட்டாருக்குக் கொடுத்த பணத்தை நினைத்து.

மீட்டரில் இதைப் பார்ப்பது எளிது. ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அமுக்குங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே மாதிரி பேட்டரி பிளஸுக்கும் மோட்டார் முனைக்கும் நடுவே அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரோ ரிலேயோ தின்கிறது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் சேஸில் பட்டாலும் பொறி பறக்காது.

இத்தனையும் சரியென்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் முழு மோட்டார் கேட்காதீர்கள். "கார்பன் தேஞ்சிருக்கா, புஷ் லூஸா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். புஷ் என்பது மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம். பெரும்பாலும் கார்பன் மாற்றி, ஆர்மேச்சர் முனையைச் சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடும்.

நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பைக்கில் பார்த்துவிடத் திட்டமிடுகிறவர்கள் கவனியுங்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று இறங்கி ஏறும்போது ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பலமில்லாத பேட்டரிக்குச் செலவு. நடுவில் ஓடும் சின்ன தூரத்தில் வரவு குறைவு. 2017 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியில் ஹெட்லைட் சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிட்டு செல்ஃப் அமுக்குங்கள். நின்றுவிட்டால் இரண்டாம் கியரில் தள்ளி எடுக்கலாம். காரிலிருந்து ஜம்பர் போடுவதானால் கார் இன்ஜின் அணைந்திருக்கட்டும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஆர்.சி.யைப் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் இன்டர்நேஷனல் பெர்மிட்டில் பைக்குக்கான முத்திரை, இதெல்லாம் இல்லாமல் தெருமுனையைத் தாண்ட வேண்டாம்.

திரும்பிப் போகும் நாளன்று மைனஸ் வயரைக் கழற்றி, முனையில் துணி சுற்றிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் ஒரு தடவை பேட்டரியைக் கடையில் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லி, அதற்கான காசை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.