ஊட்டி ஈரத்தில் வெளுத்துப்போன பச்சைப் படலம்

ஜூலையில் ஊட்டி ஆய்வகத்தின் சுவரே வியர்க்கும். அந்த மாதத்தில்தான் சீசியம் லெட் (ஈயம்) புரோமைடு நானோபடிகங்களைக் கண்ணாடித் துண்டில் படலமாக்க வேண்டியிருந்தது. குப்பியில் இருக்கும்வரை புற ஊதா விளக்கில் கண்ணைப் பறிக்கும் பச்சை, அலைநீளம் 515 நானோமீட்டர் பக்கம். கண்ணாடியை வேகமாகச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் சுழற்பூச்சு முடிந்ததும் பால் தெளித்த மாதிரி வெளுப்பு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒளி.

படிகம் சரியில்லை என்றார்கள் கூட இருந்தவர்கள். எனக்குக் கரைப்பான் மேல்தான் சந்தேகம். படிகங்கள் மிதந்த ஹெக்சேன் கடல்மட்டத்திலேயே 69 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் கேட்கவே வேண்டாம். அது விறுவிறுவென ஆவியாகும்போது கண்ணாடி சில்லிட்டு, காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன்: படலம் முழுக்கக் குட்டிக் குட்டி வட்டக் குழிகள், துளிகள் உட்கார்ந்து எழுந்த தடம். தண்ணீர் பட்டால் சீசியம் புரோமைடு கரைந்து கழன்றுவிடும், ஒளியும் போய்விடும்.

ஹெக்சேனுக்குப் பதில் 125 டிகிரியில் கொதிக்கும் ஆக்டேன். சுழற்பூச்சு எந்திரத்தின்மேல் அக்ரிலிக் பெட்டி கவிழ்த்து, உள்ளே உலர் நைட்ரஜன், மூலையில் சிலிக்கா ஜெல். கண்ணாடியையும் லேசாகச் சூடாக்கிக்கொண்டேன். படிகங்களை மீதைல் அசிடேட்டில் அலசுவதை ஒரு தடவையோடு நிறுத்தினேன். அதிகம் அலசினால் படிகத்தைப் போர்த்திக் காக்கும் ஓலைலமீன் உரிந்து படிகம் அம்மணமாகிவிடும்.

இப்போது படலம் விளிம்பிலிருந்து விளிம்புவரை பச்சை. ஒளி உமிழ்வின் உச்சம் சில நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒரு படிகம் உமிழ்வதைப் பக்கத்துப் படிகம் விழுங்கித் திரும்ப உமிழ்வதால் வருவது அது. அதற்காகப் பெட்டியைத் திறந்து குடைய வேண்டாம்.