திருகோணமலைக் கடற்கரையில டிஎஸ்எல்ஆரால நட்சத்திர டைம்லாப்ஸ் எடுக்கிறது எப்பிடி

முதல்ல, வீடியோ பட்டனைத் தொடாதேங்கோ. வீடியோவில ஒரு ஃப்ரேமுக்கு ஒரு செக்கன்ல 25ல ஒரு பங்கு நேரம்தான் வெளிச்சம் விழும், அது நட்சத்திரத்துக்குக் காணாது, கறுப்பும் புள்ளிபுள்ளியா நொய்ஸும்தான் வரும். நாங்க எடுக்கிறது ஃபோட்டோ, ஒவ்வொண்டும் 15 செக்கன் போல, நூற்றுக்கணக்கில, பிறகுதான் அதை வீடியோவாக் கோர்க்கிறது.

பால்வீதியின்ர நடுப்பகுதி எங்கட பக்கம் நேர கடலுக்குள்ளால எழும்பும், கிழக்குக் கரை ஆக்களுக்கு அது பெரிய வரம். ஏப்ரல் நடுவில ராத்திரி பத்தரை பதினொண்டாகும், மே நடுவில ஒன்பது மணிக்குக் கிட்ட, ஜூலை ஆகஸ்ட்ல இருட்டேக்கயே தெற்குப்பக்கம் உயர நிக்கும். முதல் கேட்டை நட்சத்திரம் சிவப்பா ஏறும், பின்னால தேளின்ர வால், அந்த மூல நட்சத்திரத்துக்கு இடப்பக்கம்தான் நீங்க தேடுற இடம். அமாவாசைக்கு முன்பின் நாலைஞ்சு நாளைப் பிடியுங்கோ. நவம்பர் டிசம்பர் மழைக்குள்ள மினக்கெட வேண்டாம்.

நிலாவெளியில ஹோட்டல் லைட் படாத துண்டாப் பார்க்கோணும், குச்சவெளிப் பக்கம் இன்னும் நல்ல இருட்டு. கிழக்கில இருந்து கொஞ்சம் தெற்கால திருப்பி வைச்சா டவுன் வெளிச்சம் வலப்பக்கம் ஒதுங்கிடும். கரையில வாடி எண்ட குடிசையள்ல இருக்கிற மீன்பிடி ஆக்களிட்ட சொல்லிட்டு நில்லுங்கோ, அவையளுக்கும் ரோச் (டார்ச்) வெளிச்சம் ஏன் எண்டு தெரியோணும். கோட்டைக்குள்ள ஆமி, துறைமுகப் பக்கம் நேவி, அங்க எல்லாம் ராத்திரியில கமராவோட போகாதேங்கோ.

இனி செட்டிங். எல்லாமே மெனுவல், பிறகு திருத்த வசதியான ரோ (RAW) ஃபைல், நிறத்தைத் தீர்மானிக்கிற வைட் பேலன்ஸை 4000 கெல்வின் போல ஒண்டில நிப்பாட்டுங்கோ, ஓட்டோவில விட்டா ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நிறம் மாறும். அப்பேச்சர், அதாவது லென்ஸின்ர துவாரம், எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, கமராவோட வாற 18-55 கிட் லென்ஸ் எண்டா 18ல எஃப் 3.5, வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200ல தொடங்குங்கோ. எத்தின செக்கன் எண்டதுக்கு 500ஐ லென்ஸின்ர மில்லிமீட்டராலயும் க்ரொப் அளவாலயும் (சென்சர் சின்னனான கமராவுக்கு உள்ள கணக்கு, கெனனுக்கு 1.6) பிரியுங்கோ, கெனன் க்ரொப் கமராவில 18 மில்லிமீட்டருக்கு 17 செக்கன் சொச்சம் வரும், அதுக்கு மேல போனா நட்சத்திரம் கோடாகும், அதால 15.

இப்ப கவனியுங்கோ, கமராவில 15 எண்டு போட்டாலும் ஷட்டர் உண்மையில 16 செக்கன் திறந்திருக்கும். அதால இன்டர்வலை, அதாவது ஒரு படம் தொடங்கி அடுத்தது தொடங்கிற இடைவெளியை, 16 எண்டு வைச்சா இடைக்கிடை ஒரு ஷொட் தவறும், வீடியோ துள்ளும். 20 வையுங்கோ. லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷனைக் கட்டாயம் ஓஃப் பண்ணுங்கோ, அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதேயளவு நேரம் இன்னொருக்கா எடுத்துக்கொண்டிருக்கும். இன்டர்வல் வசதி இல்லாத கமராவுக்கு டைமர் ரிமோட் ஒண்டு வேணும். செக்கனுக்கு 25 ஃப்ரேம் எண்டா 10 செக்கன் வீடியோவுக்கு 250 படம், 20 செக்கன் இடைவெளியில 83 நிமிஷம், அதனால பட்டரி ஃபுல்லா இருக்கோணும்.

ஃபோகஸ்ல அவசரப்படாதேங்கோ. ஓட்டோ ஃபோகஸ் இருட்டில பிடிக்காது, கமராத் திரையில தெரியிற லைவ் வியூவில பிரகாசமான நட்சத்திரம் ஒண்டை 10 மடங்கு பெருசாக்கி, ரிங்கை மெல்ல மெல்லத் திருப்புங்கோ, வெள்ளைப் பொட்டு சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும், இன்னும் கொஞ்சம் திருப்பினா திரும்ப வீங்கும், அந்த ஊசிமுனையில விட்டு டேப் ஒட்டுங்கோ. லென்ஸில கை நடுக்கத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசரும் ஓஃப். வியூஃபைண்டரைக் கறுப்புத் துணியால மூடுங்கோ, பின்னாலால போற வாகன லைட் அதுக்குள்ளால சென்சருக்கு வரும்.

மேற்குப் பக்கத்தால அடிக்கிற கச்சான் காத்துக்கு ட்ரைபொட் ஆடும், நடுத்தண்டை உயர்த்தாம, காலை மண்ணுக்குள்ள நல்லா இறக்கி, ஷொப்பிங் பேக்கில மண் நிரப்பிக் கீழ தொங்கவிடுங்கோ. உப்புப் படலம் லென்ஸில ஏறும், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு ஷொட்டுக்கு இடையில சிவப்பு ரோச்சால பாருங்கோ.

கோர்க்கிறதுக்கு, லைட்ரூம் எண்ட படம் திருத்துற சொஃப்ட்வெயாரில ஒரு படத்தைத் திருத்தி அந்தத் திருத்தத்தையே மற்ற எல்லாத்துக்கும் சிங்க் பண்ணுங்கோ, ஜேபெக்கா எடுத்து டாவின்சி ரிசோல்வ் எண்ட வீடியோ எடிட்டரில இமேஜ் சீக்குவென்ஸா 25 ஃப்ரேமுக்குப் போட்டாச் சரி, அதின்ர இலவச வேர்ஷனே காணும். மீன்பிடி போட் லைட் கோடா விழுந்திருந்தா அழிக்காதேங்கோ, எங்கட கடல் எண்டு காட்டுறதே அதுதான்.