ராக் ஆல்பத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி? (யார் காலத்துக்கும் நிற்பார் என்று வாதாடவும்தான்)

இசை இலக்கணம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தேவையானது நல்ல ஹெட்போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

முதல் வேலை, ஷஃபிளை அணைத்துவிட்டு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை அதே வரிசையில் கேட்பது. வினைல் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் கொள்ளும் என்பதால், எந்தப் பாட்டில் பக்கத்தை முடிப்பது, எதில் அடுத்த பக்கத்தைத் தொடங்குவது என்று யோசித்துத்தான் அந்தக் காலத்தில் அடுக்கினார்கள். 1973இல் வந்த பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வார்த்தையே இல்லாமல் ஒரு பெண்குரல் கதறி, தணிந்து, அடங்குவதோடு முதல் பக்கம் முடியும். தட்டைத் திருப்பிப் போட்டால் காசு குலுங்கும் சத்தமும் கல்லாப்பெட்டி சத்தமும் தாளமாகவே வரும். ஷஃபிளில் இது கிடைக்கவே கிடைக்காது.

இந்த முதல் சுற்றில் எதையும் எழுதாதீர்கள். இரண்டாவது சுற்றில் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பத்தில் (1971) கடைசிப் பாட்டின் டிரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் வைத்து, மைக்கை மாடிப்படியின் மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். டிரம்மர் ஜான் பான்ஹம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அந்த உயரமான கூடம் முழுக்க அதிர்ந்து திரும்புவது கேட்கும், ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் விடாது.

அடுத்து மதிப்பெண், பத்துக்கு. நான் முதலில் பார்ப்பது ஆல்பத்தின் மோசமான பாட்டைத்தான், ஏனென்றால் இரண்டு பிரமாதமான பாட்டும் மீதியெல்லாம் ஒப்பேற்றலும் என்றால் என்னிடம் அதற்கு ஆறுக்கு மேல் கிடையாது. எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் ஒரு வரி, தேதி, இரண்டும் கட்டாயம். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகரே குறை சொல்லித்தான் எழுதினார். இன்று ஹார்ட் ராக்கின் அஸ்திவாரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி கேட்டு எண்ணை மாற்றுங்கள், தப்பே இல்லை.

சரி, வாதத்துக்கு வருவோம். ஆல்பத்தின் மதிப்பெண் வேறு, கலைஞரின் இடம் வேறு, இரண்டையும் குழப்பினால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. 'லட்சக்கணக்கில் விற்றது' என்பது வாதமே அல்ல. தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967 முதல் ஆல்பம் வந்தபோது சரியாக விற்கவில்லை, ஆனால் பின்னால் வந்த பங்க் ராக் குழுக்கள் பாடம் படித்தது அதில்தான். 'ஹால் ஆஃப் ஃபேமில் (ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பு) இருக்கிறாரா?' என்பதும் போதாது. முதல் பதிவு வெளியாகி 25 ஆண்டுகள் ஆனால்தான் அங்கே தகுதியே வரும். 1968இல் முதல் பதிவை வெளியிட்ட டீப் பர்ப்பிள் குழுவை 2016இல்தான் உள்ளே விட்டார்கள். மின் கிட்டாரோடு ராக்குக்கு வழிபோட்ட சிஸ்டர் ரொசெட்டா தார்ப்புக்கு 2018 வரை இடமில்லை, அவர் இறந்ததோ 1973இல். எனக்கு இது இன்னமும் ஆறவில்லை.

ஆகவே ஆல்பத்தின் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களையும் படியுங்கள். மேலே சொன்ன பெண்குரல் கிளேர் டோரியுடையது. அவருக்குக் கொடுத்த சம்பளம் 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு சமரசம் ஆன பிறகுதான் அந்தப் பாட்டை இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. பெரிய பெயர்களுக்காக வாதாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இவர்களுக்காக வாதாடுங்கள்.

வாதத்துக்குக் காதால் கேட்கிற சான்று வேண்டும். முதல் பயிற்சியாக, தார்ப் 1944இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' பாட்டின் கிட்டார் தனி வாசிப்பைக் கேளுங்கள், உடனே ராக் பாடகர் சக் பெர்ரியின் 1958 'ஜானி பி. குட்'. எந்த நிமிடம், எந்த நொடியில் ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாதம் வந்தால் அந்த இடத்தையே போட்டுக்காட்டலாம்.